அப்பத்தாவின் கால் வீக்கம்

அப்பத்தா பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை. ஐம்பது வருஷம் விறகடுப்பு முன்னால் ஊதாங்குழலோடு உட்கார்ந்தவள். அதனால் இளைப்பு வந்தபோது எங்களுக்குக் காரணம் விளங்கியது. கால் வீங்கியபோதுதான் குழம்பினோம். கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தி எடுத்தால், பிசைந்த மாவில் பதிந்த மாதிரி குழி நிற்கும், மெல்லத்தான் நிரம்பும். நெஞ்சில் இருக்கும் நோய்க்குக் கால் ஏன் வீங்குகிறது?

விடை நுரையீரலின் விசித்திரமான குணம் ஒன்றில் இருக்கிறது. உடம்பில் மற்ற இடங்களில் ஆக்சிஜன் குறைந்தால் ரத்தக் குழாய்கள் விரிந்து கூடுதல் ரத்தத்தை வரவழைக்கும். நுரையீரலிலோ அவை சுருங்குகின்றன. 1946-இல் ஸ்வீடனில் ஆய்லரும் லில்ஜெஸ்ட்ராண்டும் பூனைகளில் இதைக் கண்டு எழுதினார்கள். எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! ரத்தம் அங்கே போவதே காற்றை வாங்கத்தான். காற்று வராத மூலைக்கு அதை அனுப்பாமல், மடையை அடைத்து அடுத்த வயலுக்குத் தண்ணீர் திருப்புவதுபோல் நுரையீரல் திருப்பிவிடுகிறது.

ஒரு மூலை அடைத்தால் சரி. நாள்பட்ட புகையில் நுரையீரல் முழுக்கப் பழுதானால் எல்லா மடையும் ஒருசேர இறுகுகின்றன. காற்றுப்பைகள் அழியும்போது அவற்றைச் சுற்றிய நுண்குழாய்களும் போய்விடுகின்றன. இதயத்தின் வலது பக்கமோ நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தை இந்த நுரையீரல் வழியாகத்தான் தள்ளியாக வேண்டும். அதன் சுவர் மெல்லியது. உடம்பின் சராசரி ரத்த அழுத்தத்தில் ஆறில் ஒரு பங்குக்கே பழகியது. பாரம் கூடக் கூட முதலில் சுவர் தடிக்கும், பிறகு அறை விரியும், கடைசியில் களைத்துப்போகும். முன்னே போக முடியாத ரத்தம் பின்னே தேங்கும்: கழுத்து நரம்பு புடைக்கும், கல்லீரல் வீங்கும், காலில் நீர் இறங்கும்.

இதயத்தின் இடது பக்கம் தளர்ந்தாலோ நுரையீரலிலேயே நீர் கோர்த்து மூச்சு வாங்கும். இரண்டும் சேர்ந்தவருக்கு இன்றைய இளைப்பு எதனால் என்று மருத்துவருக்கே சட்டென்று பிடிபடாது.

ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்துபோன நுரையீரல் நோயாளிகளுக்கு, தினமும் குறைந்தது 15 மணி நேரம் வீட்டிலேயே ஆக்சிஜன் கொடுத்தால் ஆயுள் நீள்கிறது என்று 1981-இல் பிரிட்டனில் நடந்த ஆய்வு காட்டியது. அழிந்த காற்றுப்பைகள் திரும்ப வராது; பலருக்கு நுரையீரல் தமனியின் அழுத்தம் ஏறுவதாவது மட்டுப்படும். அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சிலருக்கு அதிக ஆக்சிஜனே ஆபத்து.

ஆக்சிஜன் வரும் குழாய் நெருப்பருகே போகவே கூடாது. அதனால்தான் அப்பத்தா இப்போது அடுப்படி வாசலுக்கு எட்டாத தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கேஸ் அடுப்பில் குழம்பு கொதிக்கிற சத்தத்தை வைத்தே, "இறக்கிரு தாயி" என்று அங்கிருந்தே சொல்கிறாள்.