கோழிக்கூடும் நரியும்

கொங்கு நாட்டுக் காங்கேயம் பகுதியிலே, கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைச் சூழக் கிளுவை முள்வேலி நிற்றலைக் காண்கின்றோம். ஆடுமாடுகளைத் தடுக்கும் அவ்வேலி நரியைத் தடுப்பதன்று. அடியிலுள்ள சந்தின் வழியே அது நுழைந்துவிடும். ஆதலின் கோழிக்குக் காவல் கூட்டினாலேயே அமைதல் வேண்டும்.

நரி பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும் விடியலிலும் இரை தேடும். கோழியோ இருளிற் கண் தெரியாது அடங்கிக் கிடக்கும். திருப்பூர்ப் பனியன் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் பெண்டிர் பலர் இருட்டிய பின்னரே இல்லம் திரும்புகின்றனர். திறந்து கிடக்கும் கூட்டிற்கு அந்நேரமே கேடு. முட்டை விற்ற காசைப் பிள்ளையின் புத்தகத்திற்கெனச் சேர்க்கும் தாய்க்கு இரண்டு கோழிகளின் இழப்பும் பேரிழப்பேயாம். அத்தகையோர் கூடடைக்கும் பொறுப்பை அண்டைவீட்டுப் பாட்டியாரிடம் ஒப்புவித்தல் நலம்.

பஞ்சாரத்தாற் கவிப்போர் அதன்மேற் பாரக்கல் வைத்தல் வேண்டும். நிலையான கூடாயின், வலிய கம்பிவலையை ஓரடி ஆழம் மண்ணிற் புதைத்து, அடிப்பகுதியை வெளிப்புறமாக மடக்குக. தோண்டும் நரி வலையில் முட்டித் திரும்பும். கதவிற்குத் தாழும் இன்றியமையாதது.

நஞ்சிடுதலும் கண்ணி வைத்தலும் தகா. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நரி, குள்ளநரி இரண்டையும் காக்கின்றது. அன்றியும், கழனியில் எலிகளைத் தின்று உழவர்க்கு உதவுவனவும் அவையே. ஆதலின் அவற்றைப் பகையெனக் கொள்ளாது, பொழுது சாயுமுன் கூட்டை அடைத்தலே அறிவுடைமையாம்.