டீலோஸ் தீவில் வீழ்ந்து கிடந்த தேவன்

கிரேக்கத் தீவுகளைக் குறித்துப் பழைய ஐரோப்பியப் பிரயாணிகள் எழுதிவைத்த நூல்களில் புராணமும் செவிவழிச் செய்தியும் மலிந்திருப்பதைக் கண்டு, சாஸ்திரீயமான ஆராய்ச்சிக்கு அவை உதவா என்று தள்ளிவிடுவோர் உண்டு; அந்நூல்கள் இல்லாதிருந்தால் நாம் எவ்வளவு இழந்திருப்போம் என்பதை ஒரேயொரு விக்கிரகத்தின் சரித்திரமே உணர்த்திவிடும்.

அப்பொல்லோ அவதரித்த க்ஷேத்திரமென்று கிரேக்கர் கொண்டாடிய டீலோஸில், நக்ஸோஸ் தீவினர் கி.மு. 600-ஐ ஒட்டி, ஏறக்குறைய 30 அடி உயரமுள்ள சலவைக்கல் உருவம் ஒன்றை அத்தெய்வத்துக்குக் காணிக்கையாக நிறுவினார்கள். பிளாரன்ஸ் நகரத்துப் பாதிரியார் புவோண்டெல்மோன்டி, 1420-ஐ ஒட்டித் தாம் இயற்றிய தீவு நூலில், வீழ்ந்து கிடந்த அவ்வுருவத்தை ஆயிரம் பேர் கூடிக் கப்பற் கயிறுகளையும் கருவிகளையும் கொண்டு நிமிர்த்த முயன்றும் இயலாமற்போய், கிடந்தபடியே விட்டுவந்ததாக எழுதுகிறார். உடைந்த தேவனை மறுபடியும் எழுப்பி நிறுத்திப் பார்க்கவேண்டும் என்று ஒரு கிறிஸ்தவக் குருவுக்கு உண்டான அந்த ஆசை என்னை மிகவும் நெகிழவைக்கிறது. 1445-இல் அங்கே சென்ற அங்கோனா நகரத்து வணிகர் சிரியாக்கோ, சாசனங்களைப் படியெடுப்பதையே வாழ்நாள் விரதமாகக் கொண்டவர். அவருடைய ஏடுகளிற் பெரும்பாலானவை அழிந்துபோயினும், டீலோஸில் அவர் வரைந்தவற்றின் பிரதிகள் பிறர் கைவழியே நமக்கு எஞ்சியிருக்கின்றன.

1675-இல் லியோன் நகரத்து வைத்தியர் ஸ்போனும் ஆங்கிலேயரான ஜார்ஜ் வீலரும் வந்து பார்த்தபோது விக்கிரகத்துக்கு முகம் இல்லை. டீனோஸ் தீவை ஆண்ட வெனிஸ் அதிகாரி ஒருவர், தலை முழுவதையும் தம் கப்பலில் ஏற்றமுடியாத பாரமென்று கண்டு, முகத்தை மட்டும் ரம்பத்தால் அறுத்துக்கொண்டு போனதாக அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அதை வீலர் தம் நூலில் குறித்துவைத்தார். கேட்டதைக் கேட்டபடியே எழுதிவைத்த இந்த வாக்கியத்தை, அளவுகளும் படங்களும் நிறைந்த பிற்காலத்து ஏடுகள் பலவற்றினும் மேலானதாக நான் மதிக்கிறேன்.

1700-இல் கிரேக்கத் தீவுகளுக்குப் புறப்பட்ட தாவர சாஸ்திரி தூர்ன்போர், செடிகொடிகளோடு சிதிலங்களையும் கவனித்து எழுதினார். பிரெஞ்சுக்காரர் முறையாக அகழாய்வு தொடங்கியதோ 1873-இல்தான்; அதற்குள் அக்கம்பக்கத்துத் தீவினர் தலைமுறை தலைமுறையாக அங்கிருந்த சலவைக்கல்லை வீடு கட்டப் பெயர்த்துச் சென்றிருந்தார்கள். அந்த உருவத்தின் உடற்பகுதி இன்னும் ஆர்ட்டெமிஸ் ஆலயத்தருகே வெட்டவெளியில் கிடக்கிறது. கை ஒன்று அத்தீவின் காட்சிசாலையிலும், பாதம் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் இருக்கின்றன.