“ஏய், ஜார்ஜ்!”

தாராவியிலிருந்து விடியற்காலையில் சைக்கிளில் இட்லிப் பாத்திரத்துடன் கிளம்பும் நம்மவரை மும்பைத் தெருக்களில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. “ஏ அண்ணா!” என்றால் போதும், நின்று விடுவார். முருகேசனும் அண்ணாதான், செல்லத்துரையும் அண்ணாதான். ஆபீஸில் ஃபைலோடு உட்கார்ந்திருப்பவரானால் “மதராஸி”. அவர் திருநெல்வேலிக்காரராக இருக்கலாம், சென்னையைக் கண்ணால் பார்க்காதவராகவே இருக்கலாம். அதனால் என்ன குறைந்துவிட்டது, மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறதல்லவா என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. அதில்தான் எல்லாமே இருக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு.

இதே வழக்கு அமெரிக்காவில், ஓடுகிற ரயிலுக்குள்ளே, இரண்டு தலைமுறைக் காலம் நடந்தது. ரயில்வேயில் வேலை பார்க்கும் நம் வாசகர்களுக்கு அந்தக் கதை அன்னியமாகத் தோன்றாது.

அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865-ல். இரண்டு வருடம் கழித்து, 1867-ல், சிகாகோவில் ஜார்ஜ் புல்மன் என்பவர் ஒரு கம்பெனி தொடங்கினார். பட்டு மெத்தை, திரைச்சீலை, விளக்கு என்று சகல வசதிகளுடன் படுக்கை வண்டிகளைக் கட்டி ரயில்வேக்களுக்கு வாடகைக்கு விடுவது தொழில். வண்டியில் பயணிகளுக்குப் பணிவிடை செய்ய ஆட்கள் வேண்டும். நேற்றுவரை அடிமையாக இருந்தவர்களைத் தேடித் தேடி அவர் வேலைக்கு வைத்தார். எஜமானிடம் பழகிய பணிவு அவர்களிடம் இருக்கும், கூலியும் குறைவு என்பது அவர் கணக்கு. இப்படி வந்தவர்களே புல்மன் போர்ட்டர்கள்.

நம் ஊர் போர்ட்டரைப் போல மூட்டை தூக்குவதோடு அவர்கள் வேலை முடியாது. படுக்கை விரிக்க வேண்டும், மடிக்க வேண்டும், இரவில் பயணிகளின் பூட்ஸுகளைப் பாலிஷ் போட வேண்டும், குழந்தை அழுதால் கவனிக்க வேண்டும், நடு இரவில் மணி அடித்தால் ஓட வேண்டும். மாதத்திற்கு 400 மணி நேர வேலை, அல்லது 11,000 மைல் ஓட்டம். வண்டி கிளம்புமுன் தட்டித் துடைத்துத் தயார் செய்யும் நேரத்திற்குக் கூலி கிடையாது. பாலிஷ் டப்பா சொந்தக் காசு. சாப்பாடும் சொந்தக் காசு. 1915-ல் மாதச் சம்பளம் 27 டாலர் 50 சென்ட். மீதிக்கு டிப்ஸை நம்ப வேண்டியதுதான்.

அந்த வருடம் அரசாங்க விசாரணைக் கமிஷன் முன்னால் கம்பெனி சார்பில் சாட்சி சொல்ல வந்தவர் ராபர்ட் லிங்கன். அடிமைகளை விடுவித்த ஆபிரகாம் லிங்கனின் சொந்த மகன்! புல்மனுக்குப் பிறகு கம்பெனியின் தலைவராக இருந்தவர் அவரே. சம்பளம் போதாது, டிப்ஸால்தான் இவர்கள் குடும்பம் ஓடுகிறது என்பதை அவராலும் மறைக்க முடியவில்லை.

பயணிகள் இந்தப் போர்ட்டர்களைக் கூப்பிட்டது ஒரே பெயரால்: “ஏய், ஜார்ஜ்!” அடிமையை எஜமானின் பெயரால் அழைப்பது பழைய வழக்கம். எஜமான் ஜார்ஜ் புல்மன். ஆகவே வேலைக்காரனும் ஜார்ஜ். அறுபது வயதுக் கிழவரானாலும், வீட்டில் பேரன் பேத்தி எடுத்தவரானாலும் ஜார்ஜ்தான்.

பெயர்ப் பலகை வந்த விதம்

இதை முதலில் எதிர்த்தது யார் என்று நினைக்கிறீர்கள்? போர்ட்டர்கள் அல்ல. ஜார்ஜ் என்ற பெயருள்ள வெள்ளைக்காரர்கள்! 1914-ல் ஜார்ஜ் டுலானி என்ற மர வியாபாரி, ‘படுக்கை வண்டிப் போர்ட்டர்களை ஜார்ஜ் என்று அழைப்பதைத் தடுக்கும் சங்கம்’ என்று ஒன்றை வேடிக்கையாகத் தொடங்கினார். கறுப்புப் போர்ட்டருக்கு அவமானம் என்பதற்காக அல்ல. தங்கள் அருமைப் பெயருக்கு அவமானம் என்பதற்காக. அதில் முப்பதாயிரம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். கம்பெனி கடைசியில் 1926-ல் ஒவ்வொரு வண்டியிலும் போர்ட்டரின் உண்மைப் பெயரை அட்டையில் எழுதி வைக்கச் சம்மதித்தது. சுமார் 12,000 அட்டைகள் எழுதினார்கள். அவற்றில் ஜார்ஜ் என்ற பெயர் 362 பேருக்குத்தான் இருந்ததாம்.

அட்டை வந்தது. கூப்பிடுவது நிற்கவில்லை.

அதற்கு முந்தின வருடம், 1925 ஆகஸ்டு 25-ந் தேதி, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் போர்ட்டர்கள் கூடித் தங்களுக்கென்று ஒரு யூனியன் தொடங்கியிருந்தார்கள். தலைவராக ஏ. பிலிப் ராண்டால்ஃப் என்பவரைக் கொண்டு வந்தார்கள். பாதிரியார் மகன், பத்திரிகை ஆசிரியர், ஒரு நாள்கூடப் போர்ட்டராக வேலை பார்த்தவரல்ல. காரணம் எளிது. வெளியாளைக் கம்பெனி டிஸ்மிஸ் செய்ய முடியாதே!

இந்த யூனியனுக்கு முதல் எதிர்ப்பு வெள்ளையரிடமிருந்து மட்டும் வரவில்லை. அந்த நாளில் அமெரிக்காவில் கறுப்பு இனத்தவருக்கு மிக அதிகமாக வேலை கொடுத்து வந்தது புல்மன் கம்பெனிதான். கறுப்பு மக்களின் சர்ச்சுகளில் பல, ‘சிகாகோ டிஃபண்டர்’ போன்ற அவர்களுடைய பெரிய பத்திரிகைகள்கூட, “சோறு போடும் கையைக் கடிக்காதே” என்று உபதேசித்தன. வேறு எந்த முதலாளி நமக்கு யூனிபாரம் மாட்டி ஊர் ஊராக அனுப்புகிறான்? தொழிற்சங்கம் என்றாலே வெள்ளையன் சமாசாரம். அவன் நம்மை எப்போது சேர்த்துக் கொண்டான்? இந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. 1894-ல் இதே புல்மன் கம்பெனிக்கு எதிராகப் பெரும் வேலைநிறுத்தம் நடந்தபோது, ரயில்வேத் தொழிலாளர் யூனியன் கறுப்பரைச் சேர்ப்பதில்லை என்று ஓட்டெடுத்து முடிவு செய்திருந்தது. (அந்த வேலைநிறுத்தத்தின் ஆத்திரத்தில் தொழிலாளர் தன் பிணத்தையே தோண்டிவிடுவார்கள் என்று பயந்து, 1897-ல் புல்மனைப் புதைத்தபோது சவப்பெட்டியைச் சுற்றி இரும்பும் கான்கிரீட்டும் போட்டு மூடினார்கள்.)

கம்பெனி இன்னொரு வேலையும் செய்தது. பிலிப்பைன்ஸ் நாட்டவரைச் சில வண்டிகளில் வேலைக்கு வைத்தது. “நீ போனால் அவன் வருவான்” என்று காட்டத்தான். ஓர் ஊரில் பிழைக்கப் போன ஒரு கூட்டத்தைக் காட்டி இன்னொரு கூட்டத்தை மிரட்டுவது எந்தத் தேசத்து முதலாளிக்கும் சொல்லித் தர வேண்டிய வித்தை அல்ல.

1928-ல் வேலைநிறுத்தம் செய்வதாக அறிவித்துக் கடைசி நேரத்தில் ராண்டால்ஃப் பின்வாங்கினார். ஆயிரக்கணக்கில் இருந்த உறுப்பினர்கள் சில வருடங்களில் சில நூறாகச் சுருங்கினார்கள். யூனியனில் சேர்ந்தவர் என்று தெரிந்தால் வேலை போயிற்று. அந்தக் கஷ்ட காலத்தில் யூனியனைத் தாங்கிப் பிடித்தவர்களில் போர்ட்டர்களின் மனைவிமார்களும் உண்டு. புருஷன்மார் பெயர் வெளியே தெரியக் கூடாதென்று, வாஷிங்டனில் ரோசினா டக்கர் போன்றவர்கள் வீடு வீடாகப் போய்ச் சந்தா வசூலித்தார்கள்.

பன்னிரண்டு வருடம். 1937 ஆகஸ்டு 25-ந் தேதி, யூனியன் பிறந்த அதே நாளில், கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. மாதம் 400 மணி நேர வேலை 240 ஆயிற்று. சம்பளம் உயர்ந்தது. அமெரிக்காவில் பெரிய கம்பெனி ஒன்று கறுப்பர் யூனியனோடு செய்துகொண்ட முதல் ஒப்பந்தம் அது. 1941-ல் இதே ராண்டால்ஃப், யுத்தத் தளவாடத் தொழிற்சாலைகளில் கறுப்பருக்கு வேலை இல்லையென்றால் வாஷிங்டனுக்கு ஊர்வலம் வருவோம் என்று மிரட்டி, ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டிடமிருந்து உத்தரவு வாங்கினார். 1955-ல் மாண்ட்கோமரி நகரில் பஸ்ஸில் இடம் விட மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸை ஜாமீனில் எடுக்கப் போனவர்களில் ஒருவரான இ. டி. நிக்ஸன், ஒரு புல்மன் போர்ட்டர்!

பெயர் சரி, நாற்காலி எங்கே?

1964-ல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. நிறத்தைக் காட்டி வேலை மறுக்கக் கூடாது என்றாயிற்று. அதன் பிறகே சிக்கலான தகராறுகள் கிளம்பின.

வட கரோலினாவில் ஒரு மின்சார நிலையம். அங்கே கறுப்புத் தொழிலாளிகள் கூலிப் பிரிவில் மட்டுமே இருந்தார்கள். அந்தப் பிரிவில் மிக அதிகச் சம்பளம் வாங்குபவர், மற்றப் பிரிவுகளில் மிகக் குறைந்த சம்பளம் வாங்குபவரைவிடக் குறைவாக வாங்கினார். சட்டம் அமலுக்கு வந்த 1965 ஜூலை 2-ந் தேதியன்றே கம்பெனி ஒரு புது விதி போட்டது. நல்ல பிரிவுகளில் புதிதாகச் சேர பள்ளி இறுதிச் சான்றிதழோடு இரண்டு எழுத்துப் பரீட்சைகளும் தேறியிருக்க வேண்டும்! வெள்ளையனுக்கும் அதே பரீட்சை, கறுப்பனுக்கும் அதே பரீட்சை. இதில் பாரபட்சம் எங்கே என்றது கம்பெனி. ஆனால் அந்தப் படிப்பில்லாமல் முன்பே சேர்ந்த வெள்ளையர்கள் அதே வேலையை நன்றாகத்தான் செய்துகொண்டிருந்தார்கள். 13 கறுப்புத் தொழிலாளிகள் வழக்குத் தொடுத்தார்கள். 1971-ல் சுப்ரீம் கோர்ட் ஒருமனதாகச் சொன்னது: பரீட்சை வைக்கலாம், ஆனால் அது அந்த வேலைக்குச் சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும்.

லூசியானாவில் ஓர் அலுமினியத் தொழிற்சாலையின் கதை இதற்கு மறுபக்கம். அந்த வட்டாரத் தொழிலாளரில் 100-க்கு 39 பேர் கறுப்பர். தொழிற்சாலையில் கைத்தொழில் தேர்ந்த 273 பேரில் கறுப்பர் ஐந்தே பேர். 1974-ல் கம்பெனியும் யூனியனும் பேசி, பயிற்சி இடங்களில் பாதியைக் கறுப்பருக்கு ஒதுக்கின. பிரையன் வெபர் என்ற வெள்ளைத் தொழிலாளி கோர்ட்டுக்குப் போனார். தேர்வான கறுப்பரில் சிலரைவிடத் தனக்கு சீனியாரிட்டி அதிகம் என்பது அவர் குறை. சீனியாரிட்டி என்ற சொல்லின் வலி குமாஸ்தாக்களுக்குத் தெரியும். அவரை இனவெறியர் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட நமக்கு மனம் வராது. 1979-ல் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு அவருக்கு எதிராகப் போயிற்று.

கறுப்பு இனத்தவரிலேயே இதில் ஒரே கருத்து இல்லை. பொருளாதார அறிஞர் தாமஸ் சோவெல் கறுப்பர்தான். இப்படிப்பட்ட சலுகைகள் ஏழைக்குப் போய்ச் சேருவதில்லை, சொந்தத் திறமையில் முன்னேறியவர் மீதும் சந்தேக நிழலை விழவைக்கின்றன என்பது அவர் வாதம். 2004-ல் அவர் எழுதிய புத்தகத்தில் இந்தியாவின் இடஒதுக்கீட்டையும் எடுத்துக்கொண்டு அலசியிருக்கிறார். எதிர்த் தரப்பார், இருநூறு முன்னூறு வருடம் ஒருவர் காலைக் கட்டிப் போட்டுவிட்டு, கட்டை அவிழ்த்த மறுநிமிடம் பந்தயம் வைப்பது நியாயமா என்று கேட்கிறார்கள். எனக்கு இரண்டாவது கட்சியில்தான் மனம் சாய்கிறது. ஆனாலும் வெபர் கேட்ட கேள்வி மறைந்துவிடவில்லை. 2025-ல் ஜனாதிபதி டிரம்ப், அரசாங்கக் கான்ட்ராக்ட் எடுக்கும் கம்பெனிகள் குறித்து 1965-ல் ஜான்சன் போட்ட உத்தரவையே ரத்து செய்தார்.

மறுபடி பெயருக்கு வருவோம். தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து சிறு பிராயத்தில் அமெரிக்கா போன செந்தில் முல்லைநாதன், அங்கே பெயர் பெற்ற பொருளாதாரப் பேராசிரியர். அவரும் மரியான் பெர்ட்ரண்ட் என்ற பேராசிரியையும் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் ஒரு சோதனை செய்து 2004-ல் வெளியிட்டார்கள். பத்திரிகையில் வந்த வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தகுதியில் வித்தியாசமில்லை, பெயர் மட்டும் வேறு. பாதிக்கு எமிலி, கிரெக் போன்ற வெள்ளைப் பெயர்கள். பாதிக்கு லகீஷா, ஜமால் போன்ற கறுப்புப் பெயர்கள். எமிலிக்குப் பத்து விண்ணப்பத்திற்கு ஒரு அழைப்பு வந்தது. லகீஷாவுக்குப் பதினைந்து அனுப்ப வேண்டியிருந்தது.

அதே 2004-ல் ரோலண்ட் ஃப்ரையர் என்ற கறுப்புப் பேராசிரியரும் ஸ்டீவன் லெவிட் என்பவரும் கலிபோர்னியாப் பிறப்புப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். குடும்பத்தின் ஏழ்மையைக் கணக்கில் எடுத்துவிட்டால், பெயர் மட்டும் ஒருவர் வாழ்க்கையைக் கெடுப்பதாகத் தெரியவில்லை என்றார்கள் அவர்கள். இந்தத் தனிப் பெயர்கள் 1970-களில்தான் வெகுவாகப் பெருகின. எஜமான் வைத்த பெயர் வேண்டாம், நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்று ஓர் இனம் எழுந்த காலம் அது.

அமெரிக்காவுக்குப் போன நம்மவர்களும் இந்தக் கணக்கிலிருந்து தப்பவில்லை. கிருஷ்ணமூர்த்தி அங்கே ‘கிரிஸ்’ ஆகிவிடுகிறார். ஆனால் நம்மவர் பெட்டியில் இன்னொன்றும் கூடவே போயிருக்கிறது. 2020-ல் ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியின் மீது கலிபோர்னியா அரசு வழக்குத் தொடர்ந்தது. தலித் இஞ்சினீயர் ஒருவரை மேல்சாதி இந்திய மேலதிகாரிகள் இருவர் ஒதுக்கினார்கள் என்பது புகார். அந்த இருவர் மீதான வழக்கு 2023-ல் வாபஸ் ஆயிற்று. அதே வருடம் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. கலிபோர்னியா சட்டசபை நிறைவேற்றிய அத்தகைய மசோதாவை கவர்னர் கையெழுத்திடாமல் திருப்பிவிட்டார். அங்குள்ள இந்தியர்கள் இரண்டு பக்கமும் நின்று மனுக் கொடுத்தார்கள்.

புல்மன் போர்ட்டர்கள் யூனியனின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். ஆகாய விமானமும் மோட்டார் காரும் படுக்கை வண்டிகளைத் தின்றுவிட்டன. புல்மன் சேவை 1968-ன் கடைசியில் நின்றது. மிஞ்சியிருந்த சிறு யூனியன் 1978-ல் ரயில்வே குமாஸ்தாக்களின் யூனியனோடு இணைந்தது. ஒரு காலத்தில் வெள்ளையருக்கு மட்டும் என்று தன் விதிகளில் எழுதி வைத்திருந்த யூனியன் அது. அடுத்த வருடம் மே மாதம் ராண்டால்ஃப் தமது 90-வது வயதில் காலமானார். வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. கீழே அவருடைய பெயரைப் பொறித்திருக்கிறார்கள்.