செப்புத் தகட்டில் ஒரு குடியானவர் வீடு

நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் 1610-இல் ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்தவர் அட்ரியான் வான் ஒஸ்டாடே. இளமையில் அவர் தீட்டிய எண்ணெய் ஓவியங்களில் குடியானவர்கள் பெரும்பாலும் குடித்துக் கூத்தடிப்பார்கள், அடித்துக்கொள்வார்கள். வயது ஏற ஏற அவர் பார்வை கனிந்தது. 1647-இல் அவர் செய்த ‘குடும்பம்’ என்ற எட்சிங்கில், அதாவது அமிலத்தால் அரித்த செப்புத் தகட்டிலிருந்து எடுத்த அச்சுப்படத்தில், ஏழை வீட்டின் உட்புறம் அப்படியே தெரிகிறது: பிள்ளைகளோடு தாயும் தகப்பனும், தலைக்கு மேல் மர உத்தரங்கள், அன்றாடம் புழங்கும் தட்டுமுட்டுச் சாமான்கள். கேலி துளியும் இல்லை.

இந்த நெருக்கத்துக்குச் செய்முறையும் ஒரு காரணம். உளியால் செம்பில் நேரடியாகக் கோடு வெட்டக் கைவலு வேண்டும். நீண்ட பயிற்சியும் வேண்டும். எட்சிங்கில் செம்போடு போராடும் வேலை அமிலத்தினுடையது. தகட்டின் மேல் மெழுகும் பிசினும் கலந்த பூச்சைப் பூசிப் புகைகாட்டிக் கறுப்பாக்குவார்கள். அதில் ஊசியால் வரைவது, காகிதத்தில் பேனா ஓட்டுவதுபோல எளிது. ஊசி பட்ட இடத்தில் செம்பு பளிச்சென்று தெரியும். தகட்டை அமிலத்தில் வைத்தால் அந்தக் கோடுகள் மட்டும் அரிபடும். கோடுகளில் எழும் குமிழிகளை இறகால் மெல்லத் தள்ளிவிடுவது வழக்கம். மெல்லிதாக நிற்க வேண்டிய கோடுகளைச் சீக்கிரமே வார்னிஷால் மூடிவிட்டு, இருள வேண்டியவற்றை மறுபடி அமிலத்தில் விடுவார்கள். பிறகு பூச்சை நீக்கி, மை தடவித் துடைத்தால் பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரக் காகிதத்தோடு உருளைகளுக்கு இடையே அழுத்தினால் படம் இடவலம் மாறி விழும்.

கையை எளிதாக ஓடவிடும் இந்தச் சுதந்திரத்தை அதே காலத்து டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் எப்படிப் பயன்படுத்தினார் என்று பார்க்க வேண்டும். 1635-இல் அவர் செய்த ‘அப்பம் சுடும் பெண்’ படத்தில் வாணலிக்கு முன் குனிந்திருக்கும் கிழவியை நெருக்கமான கோடுகளால் இருட்டியிருக்கிறார். சுற்றி நிற்கும் பிள்ளைகளுக்குச் சில கீற்றுகளே. முன்னால் ஒரு பொடியன், தன் அப்பத்தை நாய் பறித்துவிடாமல் காக்கப் படாதபாடு படுகிறான். அந்தப் பதற்றத்தை இவ்வளவு குறைந்த கோடுகளில் பிடித்த கையை நான் எத்தனை முறை பார்த்தாலும் வியக்கிறேன்.

ஒஸ்டாடே ஏறத்தாழ 50 தகடுகள் செய்தார். அச்சிட்டுப் பார்த்து, திருத்தி, மறுபடி அச்சிடுவார். 1685-இல் அவர் இறந்த பிறகும் தகடுகள் கைமாறிக் கைமாறி அச்சேறின. ஒவ்வொரு அழுத்தத்திலும் செம்பு கொஞ்சம் தேயும். நுண்ணிய கோடுகள்தான் முதலில் மங்கும். அதனால் ஒரே படத்தின் முந்தைய அச்சில் மூலையிருட்டிலும் பொருள்கள் துலங்கும். பிந்தைய அச்சில் அந்த மூலை வெறும் சாம்பல் நிறத் திட்டாகிவிடும்.