ஏற்காட்டு பனியில் முகம் இருட்டா? காமிரா வாங்கும் முன் குமிழை பாருங்க!

ஏற்காடு லேடீஸ் சீட் முனை. மாலை நேரம். சேலத்தில் இருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர், வயதான தாயாரை கம்பி ஓரம் நிற்க வைக்கிறார். பின்னால் வெள்ளை வெளேர் என்று பனிமூட்டம்.

"அம்மா, இப்படி பாருங்க!"

'கிளிக்!'

வீட்டுக்கு வந்து படத்தை பெரிதாக்கி பார்த்தால், பனி அழுக்கு வேட்டி மாதிரி சாம்பலாக கிடக்கிறது. தாயார் முகம் அடையாளமே தெரியவில்லை.

"ஏங்க, இதுக்குத்தானா இத்தனை ஆயிரம் கொடுத்தீங்க?" என்று மனைவி கேட்டால் என்ன பதில் சொல்வது?

காமிராவோடு மலை ஏறும் பலருக்கும் நடக்கிற கதைதான் இது. தப்பு பனி மேல் இல்லை. படம் பிடித்தவர் மேலும் இல்லை. வெளிச்சத்தை கையால் மாற்றும் வசதி காமிராவில் இல்லை. அல்லது, இருந்தும் எட்டாத இடத்தில் ஒளிந்து கிடக்கிறது.

ஏன் இந்த சாம்பல்?

காமிராவுக்கு பனியும் தெரியாது, பாலும் தெரியாது. எந்த காட்சியை காட்டினாலும் அதை நடுத்தர சாம்பல் அளவுக்கு கொண்டு வரத்தான் அது பார்க்கும். வெள்ளை அதிகம் இருந்தால், "அடேயப்பா, வெளிச்சம் ஜாஸ்தி" என்று நினைத்து தானே குறைத்து விடும். பனியும் மங்கும், முகமும் இருளும்.

இதற்கு மருந்து சுலபம். 'பிளஸ் 1' என்று வெளிச்சத்தை ஒரு படி கூட்ட வேண்டும். பிளாஷை அணைத்து விட வேண்டும். பனித்துளிகள் மேல் பிளாஷ் பட்டால், படம் முழுக்க வெள்ளை புள்ளி விழும்.

ஆனால் ஏற்காட்டு பனி காத்திருக்காது. 1,515 மீட்டர் உயரத்தில் மேகம் நிமிஷத்துக்கு ஒரு கோலம் காட்டும். ஒரு கணம் விலகும், பள்ளத்தாக்கு தெரியும், மறுகணம் மூடிவிடும். 'மெனு'வுக்குள் போய் 4 பக்கம் தள்ளி அந்த 'பிளஸ் 1'ஐ தேடி எடுப்பதற்குள் எல்லாம் முடிந்து விடும்.

ஆகவே வாங்கும்போது பார்க்க வேண்டியது இதுதான்: வெளிச்சத்தை மாற்றும் குமிழ் காமிராவின் வெளியே, விரலுக்கு பக்கத்தில் இருக்கிறதா?

மூன்று பிடி

வெளிச்சத்தை பிடிக்க மூன்று வழி உண்டு.

அபர்ச்சர் என்பது குழாயின் வாய். பெரிதாக திறந்தால் அதிக வெளிச்சம்.

ஷட்டர் என்பது குழாய் திறந்திருக்கும் நேரம்.

ஐ.எஸ்.ஓ. என்பது இருட்டில் கிடைத்த கொஞ்ச வெளிச்சத்தை பெருக்கி காட்டுவது. ரொம்ப கூட்டினால் படத்தில் மணல் தூவிய மாதிரி புள்ளி வரும்.

இந்த மூன்றையும் நாமே மாற்ற 'எம்' என்ற எழுத்து குமிழில் இருக்க வேண்டும். கேனன் காமிராவில் 'ஏவி', 'டிவி' என்று போட்டிருக்கும். டெலிவிஷன் அல்ல; 'டிவி' என்பது ஷட்டர் நேரம்.

மலையே பரீட்சை ஹால்

கிளியூர் அருவிக்கு போங்கள். தண்ணீர் முத்து முத்தாக சிதற வேண்டுமா? ஷட்டர் 500-ல் ஒரு பங்கு வினாடி. பட்டுத்துணி மாதிரி வழிய வேண்டுமா? கால் வினாடி. காமிரா பாறை மேல் ஆடாமல் இருக்க வேண்டும்.

இரவில் மேலே இருந்து சேலம் நகர விளக்குகளை பிடிக்க ஆசையா? தானியங்கி காமிரா பிளாஷ் அடிக்கும். அந்த வெளிச்சம் 10, 15 அடி போனாலே பெரிது. சேலமோ மலைக்கு கீழே, எங்கேயோ! பிளாஷை அணைத்து, காமிராவை சுவர் மேல் வைத்து, ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 8 வினாடி, 2 வினாடி 'டைமர்' போட்டால் விளக்குகள் நகை கடை மாதிரி ஜொலிக்கும்.

தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டத்தில் வேறு தொல்லை. பூவை விட்டு பின்னால் உள்ள இலையை காமிரா தெளிவாக்கும். அங்கே போகசையும் கையால் திருப்ப முடிந்தால்தான் பூ பிழைக்கும்.

தலைச்சோலை பக்கத்து காப்பி தோட்டங்களில் மர நிழலும் வெயிலும் திட்டு திட்டாக கிடக்கும். அங்கும் குமிழ்தான் கை கொடுக்கும்.

மெகாபிக்சல் மாயை

"அண்ணே, இது 48 மெகாபிக்சல்!" என்று பெட்டியை தட்டி காட்டுவார்கள். மயங்காதீர்கள்.

கேனன் கம்பெனி 2008-ல் விட்ட 'ஜி10' காமிராவில் 14.7 மெகாபிக்சல். அடுத்த ஆண்டு வந்த 'ஜி11'ல் 10 மெகாபிக்சல்தான். எண்ணிக்கையை கம்பெனியே குறைத்தது! சின்ன இடத்தில் அதிகம் திணித்தால் இருட்டில் படம் கெடும் என்பதால்தான்.

எண்ணிக்கையை விட சென்சாரின் அளவு முக்கியம். சாதாரண சிறு காமிராவின் சென்சார் சுமார் 28 சதுர மில்லி மீட்டர். '1 அங்குலம்' என்று சொல்லப்படும் சென்சார் சுமார் 116. அதாவது 4 மடங்கு.

சட்டை பைக்குள் அடங்கும் உடம்பில் அந்த பெரிய சென்சாரோடு 2012-ல் வந்தது சோனி 'ஆர்.எக்ஸ்.100'. பானசோனிக் 'எல்.எக்ஸ்.100' (2014) பழைய பிலிம் காமிரா மாதிரி. லென்சில் அபர்ச்சர் வளையம், தலையில் ஷட்டர் குமிழ். பட்ஜெட் குறைவா? கேனன் 'எஸ்.90' (2009) லென்சை சுற்றி ஒரு வளையம் கொண்டது. இவை எல்லாம் பழைய மாடல்கள். செகண்ட் ஹேண்டில் தேட வேண்டும்.

ஏன் பழசு?

2010-ல் உலகம் முழுவதும் 10 கோடிக்கு மேல் சிறு டிஜிட்டல் காமிராக்கள் கடைகளுக்கு போயின. 2023-ல் அது சுமார் 17 லட்சம். செல்போன் வந்து விழுங்கி விட்டது. அனுப்பி பார்க்க மட்டும் படம் வேண்டும் என்றால் செல்போனே போதும். பணத்தை வீணாக்க வேண்டாம். வெளிச்சத்தோடு மல்லுக்கட்ட ஆசை உள்ளவர்களுக்குத்தான் இந்த காமிரா.

காசு கொடுக்கும் முன்...

* லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகிறதா? கறகற சத்தம் கேட்டால் வேண்டாம்.
* வெள்ளை சுவரை படம் எடுங்கள். கரும்புள்ளி தெரிந்தால் உள்ளே தூசி.
* லென்சை விளக்குக்கு நேரே பிடியுங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சணம்.
* பாட்டரி, சார்ஜர், கார்டு கிடைக்குமா என்று கேளுங்கள்.
* கடைசியாக, காமிராவை பாராமல் கண்ணை மூடி 'பிளஸ் 1' வையுங்கள். விரல் தானாக போகிறதா? அதுதான் உங்கள் காமிரா.

வாங்கியதும் மலைக்கு கொண்டு போகிறவர்கள், பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள். ஏற்காட்டு ஈரம் லென்சுக்கு எமன்.

அடுத்த முறை 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, அதே இடத்தில் தாயாரை நிறுத்தலாம். பிளாஷ் இல்லை. குமிழை ஒரு திருகு. 'கிளிக்!'

பனி பனியாக இருக்கும். அம்மா சிரிப்பதும் தெரியும்.