அந்தமான் ஆடலும் பரதமும்

உடல், வெளி, காலம், விசை ஆகிய நான்கும் எல்லா நடனங்களுக்கும் அடிப்படைக் கூறுகள் என்பதை, டெய்ரி ஃபார்ம் முதலிய போர்ட் பிளேர் (தற்போது ஸ்ரீ விஜயபுரம்) பகுதிகளில் வாழும் தமிழருக்குப் பழக்கமான பரதநாட்டியமும் அந்தமான் தீவுகளின் தொல்குடியினர் ஆடிய ஆடலும் ஒருசேர உணர்த்துகின்றன. மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1922இல் வெளியிட்ட நூலில் பதிந்துள்ள அந்தமானியர் ஆடலில், பாடலை இயற்றியவரே கேடய வடிவ மரப்பலகையைக் காலால் உதைத்துத் தாளம் எழுப்ப, பெண்கள் தொடையில் தட்டி உடன்பாட, ஆடவர் முழங்காலை மடித்து, முதுகை வளைத்து ஆடினர். பரதத்தின் தட்டடவு எனும் அடிப்படை அசைவிலோ, அரைமண்டி எனப்படும் பாதி அமர்ந்த நிலையில், முதுகு நிமிர்ந்திருக்க, பாதங்கள் ஆடலை நடத்தும் நட்டுவனாரின் தட்டுக்கழி ஓசைக்கேற்பத் தரையைத் தட்டுகின்றன. பொருள் சுட்டாத இத்தகைய தூய ஆடல் நிருத்தம் எனவும், முத்திரையாலும் முகபாவத்தாலும் பொருளுணர்த்துவது நிருத்தியம் எனவும், கதைமாந்தரைக் கொண்டு நிகழ்த்துவது நாட்டியம் எனவும் வகுக்கப்படும். செவ்வியல் ஆடலை இலக்கணமும் பயிற்சியும் காக்க, தொல்குடி ஆடலைக் கூட்டுவாழ்வே காப்பதால், அதைப் பேணுவது அம்மக்களின் வாழ்வைப் பேணுவதே ஆகும்.