விடைபெற்ற பின் ஒரு வரி

ஒரு வலைத்தளத்தில் வேலை முடிந்ததும் 'வெளியேறு' என்னும் பொத்தானை அழுத்துகிறோம். மறுகணம் முகப்புப் பக்கம் வந்து நிற்கிறது. வேறு ஒரு சொல்லும் இல்லை. வெளியேறி விட்டோமா, இல்லையா? சொந்தக் கணிப்பொறியாயின் இவ்வையம் பெரிதன்று. ஆனால் கல்லூரி ஆய்வகத்தில் ஒரே கணிப்பொறியில் அடுத்தடுத்துப் பலர் அமர்கின்றனர். உதவித்தொகை விண்ணப்பத்தில் தன் வங்கிக் கணக்கு எண்ணை எழுதி முடித்த மாணவிக்கு, 'நீங்கள் வெளியேறிவிட்டீர்கள்' என்ற ஒரு வரி எத்துணை நிம்மதி! ஜாவாவில் எழுதும் செயலிகளில் அவ்வரியைக் காட்டுவது ஏன் சற்றே கடினம் என்பதைச் சொல்ல விழைகிறேன்.

எச்.டி.டி.பி. நெறிமுறைக்கு நினைவாற்றல் கிடையாது. ஒவ்வொரு வேண்டுகோளும் அதற்குப் புதுமுகமே. ஆகவே சர்வர், பயனாளருக்கென 'செஷன்' என்றோர் ஏட்டைத் தொடங்கி, அதன் அடையாள எண்ணைக் குக்கியாக பிரவுசரிடம் கொடுத்து வைக்கிறது. கோயில் வாசலில் செருப்பை விட்டு டோக்கன் வாங்குகிறோமே, அதைப் போன்றதுதான்.

வெளியேறும்போது 'இன்வாலிடேட்' என்னும் கட்டளை அந்த ஏட்டையே கிழித்துவிடுகிறது. அதில் எழுதி வைத்த செய்தியும் உடன் போகும். ரிக்வெஸ்டில் வைத்தாலோ, அதுவும் உதவாது. 'சென்ட் ரீடைரக்ட்' கட்டளை 302 என்ற எண்ணையும் புதிய முகவரியையும் மட்டுமே பிரவுசருக்கு அனுப்புகிறது. பிரவுசர் அங்கே சென்று புது வேண்டுகோள் விடுக்கிறது. பழையதன் உடைமை புதியதற்கு வாராது.

வழி என்ன? முதலில் ஏட்டைக் கிழித்து, பின் புதிய செஷனைத் தொடங்கி, அதில் செய்தியை வைத்து அனுப்பலாம். அடுத்த பக்கம் அதைப் படித்தவுடன் அழித்துவிட வேண்டும். இவ்வாறு ஒரு பக்கம் வரை மட்டும் வாழும் செய்திக்கு 'ஃபிளாஷ்' என்று பெயர். 2009-இல் ஜே.எஸ்.எஃப். 2.0, 2011-இல் ஸ்பிரிங் 3.1 ஆகியவை இவ்வசதியைத் தந்தன. எனினும், விடைபெற்றுச் சென்றவருக்கு மீண்டும் ஓர் ஏடு தொடங்குவது எனக்கு உவப்பாயில்லை.

ஸ்பிரிங் செக்யூரிட்டியின் வழக்கமான முறையே எனக்குப் பிடித்தது. அது உள்நுழைவுப் பக்கத்தின் முகவரியோடு கேள்விக்குறியும் 'லாக்அவுட்' என்ற சொல்லும் சேர்த்து அனுப்புகிறது. அக்குறிப்பைக் கண்டு பக்கமே செய்தியைக் காட்டுகிறது. முகவரியில் இத்தகைய குறிப்புச் சொல் மட்டுமே செல்லலாம். செய்தியின் வாசகமே செல்லலாகாது. சென்றால், 'உங்கள் கணக்கு முடங்கியது, இந்த எண்ணுக்குப் பேசுக' என எவரும் ஓர் இணைப்பை உருவாக்கி, தளத்தின் பெயராலேயே ஏமாற்றலாம்.

இம்முறையிலும் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. அம்முகவரியை நேரே தட்டினால், வெளியேறாதவருக்கும் அதே வரி தோன்றலாம்! ஆதலால் செய்தியைக் காட்டுமுன் 'கெட் ரிமோட் யூசர்' கேட்டு, எவரும் உள்ளே இல்லை எனத் தெரிந்த பின்னரே காட்டுவது நலம். உள்ளிருந்த பக்கங்களுக்கு 'நோ ஸ்டோர்' என்ற தலைப்புக் குறிப்பையும் சேர்க்க வேண்டும். இல்லையேல் 'வெளியேறிவிட்டீர்கள்' என்ற வரி திரையில் நிற்க, அடுத்து அமர்பவர் பின்செல்லும் பொத்தானை அழுத்தி, அம்மாணவியின் கணக்கு எண்ணைப் படித்துக்கொண்டிருப்பார்.